வளர்ந்தவர்களுக்குப் பூச்சியால் குடல் அடைக்குமா?

3 ஆகஸ்ட் 2025, நீடாமங்கலம் வாசகரின் கேள்வி

என் மாமனாருக்கு 58 வயது. நான்கு நாட்களாக வயிறு உப்பி, பச்சைப் பச்சையாக வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் போனதால் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றோம். அறுவை சிகிச்சை செய்து குடலிலிருந்து பூச்சிகளை எடுத்ததாகச் சொன்னார்கள். அவருக்கு இதற்கு முன் வயிற்றில் எந்த அறுவையும் நடந்ததில்லை. பூச்சி என்பது பிள்ளைகளுக்கு வருவது என்றே இதுவரை நினைத்திருந்தோம். ஊரில் யாரும் நம்பவில்லை. வேறு ஏதோ பெரிய நோயை மறைக்கிறார்கள் என்கிறார்கள். இப்படியும் நடக்குமா?

3 ஆகஸ்ட் 2025, இரவு

நடக்கும், அரிதாக நடக்கும். டெல்டா மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் ஆய்வக நுட்பநராக இருந்து, மல மாதிரிகளைப் பார்த்தே ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வளர்ந்த ஒருவருக்குக் குடல் அடைத்தால் முதலில் நினைக்க வேண்டியவை வேறு: பழைய அறுவை சிகிச்சைக்குப் பின் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, குடலிறக்கம், கட்டி, நம் நாட்டில் குடல் காசநோய். பூச்சி அந்த வரிசையின் கடைசியில்தான் வரும். உருளைப்புழுவில் பெண் புழு 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளரும். பருமன் பென்சிலைவிடச் சற்றுக் குறைவு. ஒன்றிரண்டு இருந்தால் உடம்புக்குடையவருக்கே தெரியாது. பல புழுக்கள் பின்னிப் பந்தாகி, சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் சிக்கிக்கொள்ளும்போதுதான் அடைப்பு உண்டாகிறது. சிறு பிள்ளைகளின் குடல் குறுகலானது என்பதால் அவர்களிடம் இது அதிகம். வளர்ந்தவரின் குடலில் வழி அகலம். அதைப் புழுக்கள் மட்டுமே அடைக்க வேண்டுமானால் எண்ணிக்கை மிக அதிகமாக இருக்க வேண்டும். ஆகையால் வளர்ந்தவரிடம் புழுப்பந்து கிடைத்தது என்று கேட்டால், அந்த இடத்தில் குடல் ஏற்கெனவே சுருங்கியிருந்ததா என்றுதான் என் மனம் முதலில் கேட்கும். அறுவைக் குறிப்பில் அப்படி ஏதேனும் எழுதியிருக்கிறதா, குடலிலிருந்து ஒரு துண்டைத் திசு ஆய்வுக்கு அனுப்பினார்களா என்று விசாரியுங்கள்.

மற்றபடி அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை, வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று. பள்ளியில் தரும் அதே மாத்திரைதான். அது பிள்ளைகளுக்கு மட்டும் தரப்படுவதால்தான் பெரியவர்கள் விடுபட்டுப் போகிறார்கள்.

4 ஆகஸ்ட் 2025

பெயர்க் குழப்பம் நிறைய இருப்பதைக் கண்டேன். நம் பக்கத்தில் நாக்குப்பூச்சி என்பது மண்புழுவைப் போல நீண்டிருக்கும் உருளைப்புழு. கீரிப்பூச்சி என்பது இரவில் ஆசனவாயில் அரிப்பு உண்டாக்கும், வெள்ளை நூல் துண்டு போன்ற சிறிய புழு. பட்டையாக, கணுக் கணுவாக வெளியேறுவது நாடாப்புழு. கொக்கிப்புழு குடலை அடைப்பதில்லை. இரத்தத்தை உறிஞ்சிச் சோகையில் தள்ளும். ஆய்வகத்துக்கு வருபவர்கள் எல்லாவற்றையும் “பூச்சி” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நான் எப்போதும் கேட்பது: விரல் நீளமா, நக நீளமா? அந்த ஒரு கேள்வியிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

4 ஆகஸ்ட் 2025, மாலை

மேலே “பந்து” என்று எழுதியதை நேரில் பார்த்திராதவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். 1990-களின் நடுவில், நடவுக் காலத்தில் ஓர் இரவு, அறுவை அரங்கிலிருந்து கிட்னி ட்ரே (அவரை விதை வடிவத் தட்டு) ஒன்றை ஈரத்துணி மூடி ஆய்வகத்துக்குக் கொடுத்தனுப்பினார்கள். துணியை எடுத்தபோது உள்ளே இருந்தவை இன்னும் அசைந்துகொண்டிருந்தன; வெளிறிய இளஞ்சிவப்பு, ஈரமான பளபளப்பு, இரண்டு முனையும் கூர்மை. ஆண் புழுவின் வால் முனை கொக்கி போல வளைந்திருக்கும். அதைக் கொண்டு ஆண், பெண் என்று பிரித்து எண்ணினேன். 43 இருந்தன. அந்த நோயாளி 6 வயதுப் பெண் குழந்தை. வளர்ந்தவர் ஒருவரின் குடலிலிருந்து அப்படி ஒரு ட்ரே என் பணிக்காலம் முழுவதிலும் இரண்டு முறைதான் வந்தது.

இப்போது வயிற்றைத் திறப்பதற்கு முன்பே ஸ்கேனில் தெரிந்துவிடுகிறது. புழு நீளவாக்கில் தெரிந்தால் தண்டவாளம் போல இரண்டு இணைகோடுகள். குறுக்குவாக்கில் தெரிந்தால் வட்டத்துக்குள் வட்டம். சிடி எடுப்பதற்கு முன் குடிக்கத் தரும் மருந்தைப் புழுவும் விழுங்கிவிடுவதுண்டு. அப்போது அதன் குடலே மெல்லிய கோடாகப் படத்தில் தெரியும்.

6 ஆகஸ்ட் 2025, திருத்தம்

முதல் குறிப்பில் மாத்திரையைப் பற்றி அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அதைப் படித்த ஒருவர், வயிறு உப்பியிருக்கும் தன் தாயாருக்கு இன்றிரவே மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது. நான் சொன்னது அடைப்பு இல்லாத மற்றவர்களுக்கு.

அடைப்பு இருக்கும்போது வாய்வழியாக எதுவும் தரக்கூடாது. மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றில் தேங்கியதை வெளியேற்றுவது, நரம்பில் நீர் ஏற்றுவது, உப்புச் சத்துகளைச் சரிசெய்வது ஆகியவைதான் முதல் வேலை. புழுவால் வந்த பகுதி அடைப்பு பெரும்பாலும் இந்த அளவிலேயே இளகிவிடும். புழுக்கொல்லி அதன் பிறகுதான். புழுக்களை ஒரே நேரத்தில் செயலிழக்கச் செய்தாலோ விறைக்கச் செய்தாலோ, பந்து இன்னும் இறுகி, பாதி அடைப்பு முழு அடைப்பாக மாறக்கூடும். காய்ச்சல், இரத்தம் கலந்த மலம், தொட்டாலே தாங்க முடியாத வலி ஆகியவை தோன்றினால் குடல் முறுக்கிக்கொண்டது அல்லது அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது கத்திதான் வழி. குடல் நன்றாக இருந்தால் அறுவை மருத்துவர் அதை வெட்டாமல், புழுக்களை வெளிப்புறத்திலிருந்து மெல்ல வருடிப் பெருங்குடலுக்குள் தள்ளிவிடுவார்.

இதைவிட முக்கியமானது விளக்கெண்ணெய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விடியற்காலையில் பேதிக்குக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. என் பாட்டி என் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றியிருக்கிறார்கள். வாய்விடங்கமும் வேப்பங்கொழுந்தும் அரைத்துக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நல்ல நாளில் அவற்றைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாத நாளில் பேதி மருந்து கொடுத்தால், அடைபட்ட மதகுக்குப் பின்னால் மேலும் தண்ணீரைத் திறந்துவிடுவதுதான் அது. கரை உடைவதைப் போலக் குடல் கிழியும்.

9 ஆகஸ்ட் 2025

உருளைப்புழுவைத் தவிர வேறு ஒட்டுண்ணிகள் அடைக்குமா என்று கேட்டிருந்தார்கள்.

பச்சை மீன் உண்ணும் ஜப்பான், ஸ்பெயின் போன்ற நாடுகளில் அனிசாக்கிஸ் என்னும் கடற்புழுவின் இளம்புழு குடல் சுவரில் துளைத்துக்கொண்டு, சுவரை வீங்கச் செய்து வழியை அடைக்கிறது. நாகப்பட்டினத்தில் கரையேறும் மீனிலும் இளம்புழுக்கள் இருக்கலாம். ஆனால் புளி கரைத்துக் கொதிக்கவைத்த குழம்பிலிருந்து எதுவும் உயிரோடு வராது. அதனால் நம் ஊரில் அதைத் தேடி நேரம் கழிக்க வேண்டியதில்லை.

குளத்துக் கொட்டிக்கிழங்கால் வருமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அவர் மனத்தில் இருப்பது ஃபாசியோலாப்சிஸ் என்னும் பெரிய தட்டைப்புழு; நீரில் விளையும் சிங்காரா போன்றவற்றைப் பச்சையாகக் கடித்துத் தின்பதால் உத்தரப் பிரதேசம், பீகார் பகுதிகளில் காணப்படுவது. கொட்டிக்கிழங்கை நாம் அவித்தே தின்கிறோம். என் மைக்ரோஸ்கோப்பின் கீழ் அந்தத் தட்டைப்புழுவின் முட்டையை நான் ஒரு முறையும் கண்டதில்லை.

டோகோ, கானா நாடுகளின் வடபகுதிகளில் ஈசோபாகோஸ்டோமம் என்ற புழு பெருங்குடல் சுவரில் கட்டிகளை உண்டாக்குகிறது. கோஸ்டாரிகாவில் எலியின் புழு ஒன்று குடல் சுவரைத் தடிக்கச் செய்வதை 1971-இல் விவரித்தார்கள். இவை பாடப்புத்தகத்தில் படித்தவை. நம் ஊர் நோயாளிக்கு இவற்றால் பயன் இல்லை என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

வளர்ந்தவரிடம் உருளைப்புழு செய்யும் பெரிய கெடுதல் அடைப்பைவிடப் பித்தக் குழாய்க்குள் ஏறிக்கொள்வது. காஷ்மீரில் குரூ என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அப்படிப்பட்ட 500 நோயாளிகளைப் பற்றி 1990-இல் எழுதினார்கள். மேல் வயிற்றில் துடிக்கத் துடிக்க வலி, மஞ்சள் காமாலை என்று வந்தால் அதையும் நினைக்க வேண்டும்.

10 ஆகஸ்ட் 2025

நேற்று அமீபாவை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. அது புழு இல்லை என்பதால் விட்டிருப்பேன். நாட்பட்ட அமீபா நோயில் பெருங்குடலின் தொடக்கத்தில் சுவர் தடித்துக் கட்டியாகத் திரளும். சிடியிலும் கேமராவிலும் அச்சு அசலாகப் புற்றுநோயைப் போலவே தோன்றும். மெட்ரோனிடசோல் கொடுத்தால் கரையும் ஒன்றுக்காகக் குடலின் பாதியை இழந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் படித்திருக்கிறேன். நம் ஊரில் இது அனிசாக்கிஸைவிடப் பல மடங்கு பொருத்தமான சந்தேகம்.

14 ஆகஸ்ட் 2025

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாட்களாக யோசித்தேன்.

ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்றொரு புழு உண்டு. 1876-இல் கொச்சின் சீனாவிலிருந்து (இன்றைய வியட்நாமின் தென்பகுதி) வயிற்றுப்போக்குடன் திரும்பிய பிரெஞ்சுப் படைவீரர்களிடம் லூயி நோர்மான் என்ற கடற்படை மருத்துவர் கண்டது. பெண் புழு 2 மில்லிமீட்டர்தான். குடலின் உள்தோலில் புதைந்து கிடக்கும். இதன் முட்டையை யாரும் வாயால் விழுங்குவதில்லை. ஈர மண்ணில் இருக்கும் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது. உருளைப்புழுவைப் போல ஓரிரு ஆண்டுகளில் செத்து ஒழிவதும் இல்லை. உடம்பை விட்டு வெளியேறாமலே அடுத்த தலைமுறை உள்ளேயே சுற்றிவந்து மீண்டும் குடலைச் சேர்வதால், ஒருமுறை ஏறியது பத்து, இருபது, நாற்பது ஆண்டுகள்கூட இருக்கும். உடம்பு வலுவாக இருக்கும்வரை அமைதியாக இருக்கும். உடம்பின் எதிர்ப்பை அமுக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் கட்டு அவிழ்ந்துவிடும். இளம்புழுக்கள் லட்சக்கணக்கில் பெருகி, குடல் சுவர் வீங்கி, முன்சிறுகுடல் அடைபடும் அல்லது குடல் முழுவதும் அசைவற்றுப் போகும். குடலில் இருக்கும் பாக்டீரியாவையும் அவை இரத்தத்துக்குள் இழுத்துச் செல்லும். சிகிச்சை தாமதித்தால் பெரும்பாலும் உயிரிழப்புதான்.

என் சித்தப்பா திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் மூன்று மா நிலம் வைத்திருப்பவர். 63 வயது வரை செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுத்தான் வயலில் இறங்குவார். மூட்டு வலிக்காக ஒரு தனியார் மருத்துவரிடம் போனார். கொடுத்த மாத்திரை ஒரு வாரத்தில் வலியைப் போக்கியதால், அதே சீட்டைக் காட்டி மூன்று மாதம் தானாகவே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அது பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. முகம் உருண்டு பளபளவென்று இருந்ததைப் பார்த்து உடம்பு தேறியதாக நாங்கள் மகிழ்ந்தோம். பிறகு சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது; வயிறு தம்பட்டம் போல் ஆனது; 54 கிலோ இருந்தவர் 46-க்கு வந்தார். குடல் ஒட்டுதல் என்று ஒருவரும் காசநோய் என்று ஒருவரும் சொன்னார்கள்.

கேமரா விட்டு முன்சிறுகுடலிலிருந்து எடுத்த நீரை ஒரு சிறு குப்பியில் என்னிடம் தந்தபோது இரவு பதினொன்றரை. ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே சில்லு வைத்து, கீழ்ப் பெருக்கத்தில் பார்த்தேன். பார்வை வட்டம் முழுவதும் இளம்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தெளிவு பார்க்கத் திருகிய என் விரல் நின்றுவிட்டது. உயர்ப் பெருக்கத்தில் வாய்க்குழியைப் பார்த்தேன், குட்டையாக இருந்தது. கொக்கிப்புழுவின் இளம்புழுவாக இருந்தால் நீண்டிருக்கும். ஐயத்துக்கே இடமில்லை.

ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லியைத் தொடங்கினார்கள், வாந்தியோடு போராடி, குழாய் வழியாகக் கொடுத்தார்கள். ஸ்டீராய்டையும் மெல்ல மெல்லக் குறைத்தார்கள். மல மாதிரியில் தொடர்ந்து இரண்டு வாரம் புழு இல்லை என்று உறுதியாகும்வரை மருந்தை நிறுத்தவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார்.

நான் சொல்ல வந்தது இது அன்று. அதற்கு நான்கு மாதம் முன்பு, மூட்டு வலிக்கு மருந்து தொடங்கும் முன்னரே, வயிற்றெரிச்சல் என்று சித்தப்பா என்னிடம் மல மாதிரி கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒரே ஒரு தகடு பார்த்தேன். “புழுவோ முட்டையோ இல்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இந்தப் புழு முட்டையாக வெளிவருவதில்லை. இளம்புழுவும் தினமும் வெளிவருவதில்லை. ஒரு மாதிரியை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் தவறிவிடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், சித்தப்பாதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மூன்று நாள் மூன்று மாதிரி கேட்டிருக்க வேண்டும்.

15 ஆகஸ்ட் 2025

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. நேற்று எழுதியதில் விட்டுப்போனவை சில.

இரத்தத்தில் ஈசினோபில் (புழு இருந்தால் கூடும் ஒரு வகை வெள்ளணு) கூடவில்லையா என்று கேட்கிறார்கள். கூடவில்லை, 2 விழுக்காடுதான் இருந்தது. ஸ்டீராய்டு அதை அமுக்கிவிடும். ஆகையால் ஈசினோபில் இயல்பாக இருக்கிறது என்று இந்தப் புழுவை விலக்கிவிடக் கூடாது.

அல்பெண்டசோல் ஒரு மாத்திரை இதற்குப் போதாது. இதற்கு உரியது உடல் எடைக்கேற்ற ஐவர்மெக்டின். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். என் சித்தப்பாவின் நிலை வந்தவருக்கு எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

தகட்டைவிட அகர் தட்டு, அதாவது கிருமி வளர்க்கும் கூழ் பரப்பிய தட்டு, நல்லது. மலத்தை அகரின் நடுவில் வைத்து மூடி இரண்டு நாள் விட்டால், இளம்புழு ஊர்ந்த வழியெல்லாம் பாக்டீரியாவை விதைத்துக்கொண்டே போகும். ஈர வரப்பில் நத்தை சென்ற தடம் போல வளைந்து வளைந்து கோடு தெரியும். செலவு மிகக் குறைவு, பொறுமைதான் வேண்டும்.

நாற்பது ஆண்டு இருக்கும் என்பதை நம்பாதவர்களுக்கு: 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா மரண ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகளைப் பல பத்தாண்டுகள் கழித்து லிவர்பூலில் பரிசோதித்தபோது, அவர்களில் பலரிடம் இந்தப் புழு உயிரோடு இருந்தது. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் மண் வெட்டினார்கள். அவர்களில் எத்தனையோ பேருடைய குடும்பங்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய நம் ஊர்க் குடும்பங்கள். என் தாத்தாவின் அண்ணன் அங்கிருந்து திரும்பி வந்தவர். சாகும்வரை வயிறு சரியில்லை, வயிறு சரியில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அவருடைய மலத்தை யாரும் பார்த்ததில்லை.

19 ஆகஸ்ட் 2025, இன்னொரு திருத்தம்

மாத்திரை பிள்ளைகளுக்கு மட்டும் என்று முதல் நாள் எழுதியது முழுமையான உண்மை இல்லை. 2015-இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குத் தருகிறார்கள் என்பது சரி. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரை உள்ள, கருவுறாத, பாலூட்டாத பெண்களுக்கும் தருகிறார்கள். அதோடு, யானைக்கால் நோய்க்காக நம் மாவட்டங்களில் வீடு வீடாக மருந்து கொடுத்த ஆண்டுகளில், டிஇசி மாத்திரையோடு அல்பெண்டசோலும் பெரியவர்களுக்குச் சேர்ந்தது. யானைக்காலுக்காக விழுங்கிய மாத்திரை உருளைப்புழுவையும் குறைத்திருக்கும். எனினும் விழுங்குவதாகச் சொல்லி மாடத்தில் வைத்துவிட்ட பெரியவர்கள் எத்தனை பேர் என்பதை நம் வீடுகளில் இருப்பவர்களே அறிவார்கள்.

மண்ணைப் பற்றிக் கேட்டவருக்கு: உருளைப்புழுவின் முட்டைக்கு ஈரமும் நிழலும் களிமண்ணும் பிடிக்கும். வெளியே விழுந்த இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மன்னார்குடிப் பக்கத்து வண்டல் அதற்கு ஏற்ற இடம். வேதாரண்யத்து மணற்பாங்கான மண் கொக்கிப்புழுவின் இளம்புழுவுக்கு ஏற்றது. வாய்க்கால் கரையில் ஒதுங்கும் பழக்கம் குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. வயலில் செருப்பு அணிந்து நடவு நட முடியாது என்பதை அறிவேன். வரப்பிலும் கொல்லையிலும் அணியலாமே.

27 ஆகஸ்ட் 2025

நீடாமங்கலம் வாசகர் அறுவைக் குறிப்பையும் திசு ஆய்வு முடிவையும் எனக்கு அனுப்பியிருக்கிறார். அவருடைய இசைவோடு எழுதுகிறேன். எடுத்த புழுக்கள் 11. வளர்ந்தவரின் குடலை அடைக்க 11 போதாது. அவை சிக்கிய இடத்துக்குக் கீழே குடல் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அந்தச் சுருக்கத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். திசு ஆய்வில் காசநோய் என்று வந்திருக்கிறது. ஊர் சொன்னதிலும் ஒரு பாதி உண்மை இருந்தது. ஆனால் யாரும் எதையும் மறைக்கவில்லை, முடிவு வருவதற்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

காசநோய்க்கு மாத்திரை ஆறு மாதம். இடையில் நிறுத்தக்கூடாது. சிகிச்சைப் பதிவு செய்தவர்களுக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். ஆதாரும் கணக்குப் புத்தகமும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் யாருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள்.

பூச்சிக்கு வீட்டில் ஐந்து பேருக்கும் மாத்திரை கொடுத்தாயிற்று என்று எழுதியிருக்கிறார். விழுங்கிய முட்டை பொரிந்து, கல்லீரல், நுரையீரல் வழியாகச் சுற்றி மீண்டும் குடலுக்கு வந்து, வளர்ந்து முட்டையிட இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆகவே இப்போது பரிசோதித்துப் பயன் இல்லை. நவம்பர் கடைசி வாரத்தில் ஐந்து பேருக்கும் பாருங்கள். மாமனாருக்கு மட்டும் மூன்று நாள், மூன்று டப்பா. ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் எழுதி, காலை பத்து மணிக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். ஒரு தகடு பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னால், இன்னொன்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.